பெயர் கெட்ட தெரு

2014-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6-ஆம் தேதி இரவு, பிரிட்டனின் சானல் 4 தொலைக்காட்சியில் ஒரு தொடரின் முதல் பகுதி ஒளிபரப்பாகி முடிந்தபோது, பர்மிங்ஹாம் நகரத்தில் வின்சன் கிரீன் என்னும் வட்டாரத்தைச் சேர்ந்ததும், அதுவரை அந்நகரத்தாரிலேயே பலர் பெயர்கூடக் கேட்டிராததுமான ஜேம்ஸ் டர்னர் வீதி, ஏறத்தாழ 43 லட்சம் ஜனங்களின் மனத்தில் சோம்பலுக்கும் சில்லறைத் திருட்டுக்கும் உறைவிடமாகப் பதிந்துவிட்டது. தொடருக்குச் சூட்டப்பட்ட பெயர் ‘பெனிஃபிட்ஸ் ஸ்ட்ரீட்’. சர்க்கார் உதவித்தொகையில் காலம் கழிப்பவர்களின் தெரு என்பது கருத்து. மறுநாள் பொழுது விடிவதற்குள் அந்த வீதியில் வாழ்ந்தவர்களை நோக்கிச் சமூக ஊடகங்களில் வசைமாரி பொழியலாயிற்று. அவர்களைத் தாக்க வேண்டும், கொளுத்த வேண்டும் என்றுகூடச் சிலர் எழுத, அந்த மிரட்டல்களைப் போலீஸார் பரிசீலிக்கும் நிலை வந்தது. ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் என்ற அமைப்புக்கு வந்த புகார்கள் ஏறக்குறைய 1,800. அவற்றையெல்லாம் ஆராய்ந்த அவ்வமைப்பு, ஜூன் மாத இறுதியில், விதி எதுவும் மீறப்படவில்லை என்று முடிவு கூறியது.

விதி மீறப்படவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒரு தெருவில் வாழும் ஏழைகளை, அவர்களுடைய சம்மதத்தோடு, அவர்களுடைய சொந்த வாயால் பேசவைத்துப் படம்பிடித்து, அந்தப் படத்தில் பொய் என்று சுட்டத்தக்க ஒரு காட்சிகூட இல்லாமலே, முழுமையாகப் பார்க்கும்போது அவர்களுக்குப் பெரிய அநியாயம் இழைத்துவிட முடியும் என்பதை இந்த வகை நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. அது எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சற்று நிதானமாக விசாரிப்பது, தொலைக்காட்சி பார்க்கும் எவருக்கும் பிரயோஜனமான காரியம்.

பெனிஃபிட்ஸ் ஸ்ட்ரீட் இந்த வழியில் முதல் அடி அன்று. 2010-இல் பி.பி.சி.யின் ஸ்காட்லாந்துப் பிரிவு, கில்மார்னக் என்ற ஊரின் ஆன்தாங்க், நாக்கின்லா குடியிருப்புகளில் ஆறு குடும்பங்களைப் பின்தொடர்ந்து ‘தி ஸ்கீம்’ என்ற தொடரைத் தயாரித்து, இரண்டு பகுதிகளை ஒளிபரப்பிய நிலையில் சட்டக் காரணங்களால் நிறுத்தி, மிச்சத்தை மறு ஆண்டு காட்டியது. 2013-இல் ஸ்கந்தார்ப் நகரத்தின் வெஸ்ட்கிளிஃப் குடியிருப்பைப் பற்றி ‘ஸ்கின்ட்’ வந்தது. மான்செஸ்டரின் ஹார்ப்பர்ஹே பகுதியைப் பற்றி ‘பீப்பிள் லைக் அஸ்’ வந்தது. அவற்றைப் பின்பற்றி வேறு சானல்களும் உதவித்தொகை, வாடகை பாக்கி, ஜப்தி என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்களை இறக்கின. விமரிசகர்கள் இவற்றை ‘வறுமை ஆபாசம்’ என்று குறித்தார்கள். அந்தச் சொல்லின் கடுமையை நான் மிகையென்று கருதவில்லை.

இத்தகைய படங்கள் உருவாகும் முறையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். தயாரிப்பு நிறுவனத்தைச் சேர்ந்த இளைஞர்கள் சிலர் ஒரு தெருவுக்கு வந்து, வாசலில் உட்கார்ந்து தேநீர் அருந்தி, பெயர் சொல்லிப் பழகி, யார் கலகலப்பாகப் பேசுகிறார், யாருடைய வீட்டுக்கு எல்லோரும் வந்து போகிறார்கள், யாருக்கும் யாருக்கும் ஆகாது என்பனவற்றையெல்லாம் தெரிந்துகொள்கிறார்கள். தெருவின் நம்பிக்கைக்கு உரிய ஒருவர் இணங்கிவிட்டால் மற்றவர்கள் தாமே இணங்குவார்கள். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிய பிறகு மாதக்கணக்கில் காமெரா ஓடுகிறது. அவ்வாறு சேர்ந்த நூற்றுக்கணக்கான மணி நேரத்துப் படத்திலிருந்து, விளம்பரத்துக்கு விட்டது போக, முக்கால் மணி நேரம் கொண்ட சில பகுதிகள் தேறுகின்றன. எதை வைப்பது, எதைத் தள்ளுவது, எதற்கு அடுத்து எதை ஒட்டுவது என்ற தீர்மானம் அனைத்தும் அத்தெருவில் வாழாத, வாழவும் போகாத சிலருடைய கையில் இருக்கிறது. படத்தில் தோன்றுகிறவர்களுக்குப் படத்தொகுப்பு அறைக்குள் பிரவேசம் இல்லை.

இதில் ஒரு நுட்பமான விஷயம் உண்டு. படப்பிடிப்பு பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில் தெருவில் நிகழ்கிறது. விடியற்காலையில் அலுவலகங்களைக் கூட்டிப் பெருக்கப் போனவளும், கிடங்கில் மூட்டை ஏற்றப் போனவனும், முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்து ஜன்னல் திரையை இழுத்து மூடி உறங்குகிறவளும் அந்த நேரத்தில் காமெராவின் கண்ணில் படுவதில்லை. பட்டாலும், நாளைக்கு வேலைக்குப் போகுமிடத்தில் தலைகுனிய நேரிடுமோ என்ற அச்சத்தினால் அவர்கள் கையெழுத்துப் போடுவதில்லை. ஆகவே வேலையில்லாமல் வீட்டோடு இருப்பவர்களும், இழப்பதற்கு இனி ஒன்றும் இல்லாதவர்களுமே மிகுதியாகப் படத்தில் நிற்கிறார்கள். எவரும் பொய் சொல்லாமலே, ஒரு தெருவில் உழைக்கிறவர்கள் எவருமே இல்லை என்ற தோற்றம் உண்டாகிவிடுகிறது.

எஞ்சிய வேலையைப் படத்தொகுப்பும் இசையும் பின்னணிக் குரலும் செய்து முடிக்கின்றன. வாசலில் குவிந்த பழைய சோபா, குப்பைப் பைகள், பீர் டப்பா, சங்கிலியை இழுக்கும் நாய், சிகரெட்டுப் புகை ஆகிய காட்சிகள் சங்கீதத்தின் தாளத்துக்கு இசைய அடுக்கப்படும்போது, பார்ப்பவருடைய உள்ளம் ஒரு சொல் கேட்பதற்கு முன்பே தன் அபிப்பிராயத்தை வகுத்துக்கொள்கிறது. விளம்பர இடைவேளைக்கு முன் வரப்போவதைக் காட்டி, இடைவேளைக்குப் பின் நடந்ததை நினைவூட்டும் வழக்கத்தினால், என்றோ ஒரு நாள் நடந்த ஒரே சண்டை ஒரே இரவில் மூன்று முறையாவது கண்முன் வந்து போகிறது. அதே தெருவில் எத்தனையோ நாட்கள் அமைதியாகக் கழிந்தன என்பதைக் காட்டுவதற்கோ எந்த முறையும் வகுக்கப்படவில்லை. கடையிலே திருடுவதற்கு ஒரு பையை எப்படித் தயாரிப்பது என்று ஜேம்ஸ் டர்னர் வீதிவாசி ஒருவர் முதல் பகுதியில் விளக்கினார். அந்தச் சில நிமிஷங்களே தொடர் முழுவதற்கும் அடையாளமாகிவிட்டன.

உண்மையில் அந்தத் தொடரைப் பொறுமையாகப் பார்த்தவர்களுக்கு வேறு பலவும் தென்பட்டிருக்கும். முழுப் பொட்டலம் வாங்கக் காசில்லாதவர்களுக்கென்று சர்க்கரையும் தேயிலையும் துணி வெளுக்கும் தூளும் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி, ஒவ்வொன்றும் 50 பென்ஸ் என்று வீடு வீடாகக் கொண்டுபோய் விற்று, சிறைவாசத்துக்குப் பின் ஒரு நேர்மையான ஜீவனம் தேடிய மனிதர் அதில் வந்தார். பழைய இரும்பு பொறுக்கிப் பிழைக்க ருமேனியாவிலிருந்து வந்த குடும்பமும், வேலை தருவதாகச் சொன்னவர்களால் வஞ்சிக்கப்பட்டுக் கூலியில்லாமல் தவித்த ருமேனியத் தொழிலாளிகளும் இரண்டாம் பகுதியில் வந்தார்கள். உதவித்தொகை பெறுவது அல்ல, உழைக்க வழி கிடைக்காதது அவர்கள் துன்பம். அடுத்த வீட்டுக்காரருக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, துக்கம் என்றால் ஓடி வந்து நிற்கும் பெண்மணி ஒருவரைப் பலர் நேசித்தார்கள். ஆயினும் இவர்கள் அனைவருக்கும் மேலே அந்தத் தலைப்பு ஒரு தீர்ப்பைப்போல் எழுதப்பட்டிருந்தது. தெருவின் ஒற்றுமையைப் பற்றிய படம் என்றுதான் தங்களிடம் சொன்னார்கள் என்றும், இந்தத் தலைப்பு முன்னரே தெரிந்திருந்தால் ஒருபோதும் சம்மதித்திருக்க மாட்டோம் என்றும் தெருவாசிகள் சிலர் குறைகூறினர். எதையும் மறைக்கவில்லை என்பது தயாரிப்பாளர் தரப்பின் பதில்.

இனி, இந்தப் படங்கள் எதைக் காட்டவில்லை என்ற கேள்விக்கு வருவோம். எனக்கு இதுவே பிரதானமான கேள்வி. அவை காட்டாதவற்றுள் முதலாவது, இத்தகைய குடியிருப்புகள் உருவான வரலாறு.

முதல் உலக யுத்தம் முடிந்து போர்வீரர்கள் வீடு திரும்பிய 1919-ஆம் ஆண்டில், அடிசன் என்ற மந்திரியின் பெயரால் வழங்கும் சட்டம், தொழிலாளர்களுக்கு வீடு கட்டித் தருவது நகரசபைகளின் கடமை என்று விதித்து, அதற்கு அரசாங்கப் பொருளுதவியும் அளித்தது. இரண்டாம் யுத்தத்துக்குப் பின் அந்தப் பொறுப்பை ஏற்ற மந்திரி அனூரின் பெவன், கவுன்சில் வீடுகள் எனப்படும் நகரசபை வீடுகள் ஏழைகளுக்கு மட்டும் உரியவை என்ற எண்ணத்தையே ஒழிக்க விரும்பினார். வைத்தியரும் கடைக்காரரும் கூலியாளும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ வேண்டும் என்பது அவருடைய இலட்சியம். உழைக்கும் வர்க்கத்தாருக்கு என்று இருந்த வரையறையை 1949-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. 1970-களின் இறுதியில் பிரிட்டனின் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இத்தகைய வீடுகளில் வாழ்ந்தது. அங்கே வாழ்வது அவமானமாக இல்லை. குளியலறையும் தோட்டமும் உள்ள கவுன்சில் வீட்டின் சாவி கைக்கு வந்த நாளைக் குடும்பத்தின் பெருநாளாகப் பாட்டிமார் நினைவுகூர்ந்தார்கள்.

பிறகு 1980-ஆம் ஆண்டு மார்கரெட் தாட்சர் அரசாங்கம் கொண்டுவந்த சட்டம், குடியிருப்போர் தம் வீட்டைச் சலுகை விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமையைத் தந்தது. மூன்று ஆண்டு குடியிருந்தவருக்கு மதிப்பில் 33 சதவிகிதம் தள்ளுபடி. ஆண்டுகள் ஏற ஏற அது 50 சதவிகிதம் வரை உயர்ந்தது. சொந்த வீடு என்ற கனவு நனவான லட்சக்கணக்கான குடும்பங்களின் மகிழ்ச்சியை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் விற்றுக் கிடைத்த பணத்தைக் கொண்டு புதிய வீடுகள் கட்ட நகரசபைகள் பெரும்பாலும் அனுமதிக்கப்படவில்லை. தோட்டமுள்ள நல்ல வீடுகள் முதலில் விலைபோயின. யாரும் வாங்க விரும்பாத அடுக்குமாடிகளும் ஊர்க்கோடிக் குடியிருப்புகளும் நகரசபைகளிடம் தங்கின. வீடற்ற குடும்பங்களுக்கு இடம் தரும் கடமையை 1977-ஆம் ஆண்டுச் சட்டம் சபைகள் மேல் சுமத்தியிருந்தபடியால், சுருங்கிப் போன அந்த இருப்பு, நோயாளிகள், கைவிடப்பட்ட தாய்மார்கள், வேலையிழந்தோர் என்று அவசரத் தேவை மிக்கவர்களுக்கே முறைப்படி ஒதுக்கப்பட்டது. துன்பப்படுகிறவர்கள் எல்லோரும் ஒரே தெருவில் வந்து சேர்ந்தது அவர்களுடைய சுபாவத்தினால் அன்று; ஒதுக்கீட்டு விதி அவர்களை அங்கே கொண்டு சேர்த்தது.

ஜேம்ஸ் டர்னர் வீதியின் கதை இதிலிருந்து சற்று வேறு. அங்கிருப்பவை விக்டோரியா காலத்துத் தொடர் வீடுகள். பல தனியாருடைய வாடகை வீடுகள். வாடகைக்கென்று சர்க்கார் தரும் உதவி முடிவில் போய்ச் சேர்வது வீட்டுக்குரியவர்களிடம். அந்தத் தெருவின் கதையை அவர்கள் பக்கத்திலிருந்தும் சொல்லியிருக்கலாம்; வீட்டுக்குரியவர்களின் வரவேற்பறைக்குள் காமெரா போயிருக்கலாம்.

தொழிலின் கதையும் இப்படித்தான். விவசாய இயந்திரத் தொழிற்சாலையும் கம்பளத் தொழிற்சாலையும் முன்னமே மூடப்பட்டுவிட்ட கில்மார்னக்கில், 1820-இல் ஒரு மளிகைக்கடையாகப் பிறந்து ஊரின் பெயரை உலகெங்கும் கொண்டுபோன ஜானி வாக்கர் நிறுவனம் எஞ்சியிருந்தது. அங்குள்ள ஆலையை மூடப்போவதாக 2009-இல் அறிவிப்பு வந்தது. 2012 மார்ச்சில் அது மூடப்பட்டு, சுமார் 700 பேருடைய வேலை போயிற்று. தி ஸ்கீம் ஒளிபரப்பானது இவ்விரண்டு தேதிகளுக்கும் இடைப்பட்ட காலத்தில். ஸ்கந்தார்ப்பில் ஒரு காலத்தில் 20,000-க்கும் மேற்பட்டோர் உருக்காலையில் வேலை பார்த்தார்கள். ஸ்கின்ட் குழுவினர் வந்து சேர்ந்தபோது அத்தொகை சில ஆயிரமாகச் சுருங்கியிருந்தது. அத்தொடரின் அடுத்த பகுதி எடுக்கப்பட்ட கிரிம்ஸ்பி, ஐஸ்லாந்துக் கடல்கள் கைவிட்டுப் போகும்வரை மீன்பிடித் துறைமுகங்களில் பெரும்புகழ் பெற்றிருந்த ஊர். பெனிஃபிட்ஸ் ஸ்ட்ரீட்டின் இரண்டாம் தொடர் 2015 மே மாதத்தில் டீஸ் நதிக்கரையின் ஸ்டாக்டன் நகரத்தைக் காட்டியது. ஐந்தே மாதங்களில் அந்நதியின் முகத்துவாரத்தை அடுத்த ரெட்கார் உருக்காலை அணைந்தது. இந்த ஊர்களைப் படமாக்கத் தேர்ந்தெடுத்தவர்கள் ஒவ்வொரு முறையும் தொழில் செத்த இடத்தையே சரியாகக் கண்டுபிடித்தார்கள். ஆனால் தொழில் எப்படிச் செத்தது என்பதைக் கதையாக்கவில்லை. காரணத்தை நீக்கிவிட்டுக் காரியத்தை மட்டும் காட்டினால், பார்ப்பவன் காரணத்தைத் தானே கற்பித்துக்கொள்கிறான். கண்முன் நிற்கும் மனிதனுடைய முகத்திலேயே அதைத் தேடுகிறான்.

அந்தக் கற்பனைக்கு முன்னமே நிலம் பண்பட்டுக் கிடந்தது. 2013 ஜனவரியில் தொழிற்சங்கக் காங்கிரஸ் வெளியிட்ட ஒரு கருத்துக் கணிப்பில், சமூகநலச் செலவில் 41 சதவிகிதம் வேலையில்லாதோருக்குப் போவதாக ஜனங்கள் சராசரியாக எண்ணினார்கள். உண்மையில் போனது 3 சதவிகிதம். அச்செலவில் 27 சதவிகிதம் மோசடியாகப் பெறப்படுவதாக அவர்கள் நம்பினார்கள். அரசாங்கத்தின் சொந்தக் கணக்குப்படி அது 0.7 சதவிகிதம். அச்செலவின் மிகப் பெரும் பங்கு முதியோரின் ஓய்வூதியம் என்பது பலருக்குத் தோன்றவேயில்லை. மூன்று தலைமுறையாக ஒருவரும் வேலைக்குப் போகாத குடும்பங்கள் என்று அரசியல்வாதிகள் அடிக்கடி பேசியதைச் சோதிக்க, கிளாஸ்கோவிலும் மிடில்ஸ்பரோவிலும் மிக வறிய பகுதிகளில் அப்படிப்பட்ட குடும்பங்களைத் தேடிச் சென்ற ஆராய்ச்சியாளர்கள், எவ்வளவு முயன்றும் ஒன்றைக்கூடக் காணாமல் திரும்பினார்கள். இரண்டு தலைமுறை அவ்வாறு கழிந்த குடும்பமே அரிதாக இருந்தது. ஜோசப் ரவுண்ட்ரி அறக்கட்டளை 2012-இல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. அதே அறக்கட்டளை மறு ஆண்டு வெளியிட்ட அறிக்கை, வறுமையில் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் யாரேனும் ஒருவர் வேலைக்குப் போகும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்றது. இந்த விவரங்கள் நூலகங்களில் கிடந்தன. சோபாவும் சிகரெட்டும் வரவேற்பறைகளுக்குள் வந்தன.

காலமும் கவனிக்கத் தக்கது. 2012-ஆம் ஆண்டின் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம் ஒரு குடும்பம் பெறும் மொத்த உதவிக்கு ஆண்டுக்கு 26,000 பவுண்டு என்று உச்சவரம்பு விதித்தது. கவுன்சில் வீட்டில் ஓர் அறை மிகுதியாக இருந்தால் வாடகை உதவியில் 14 சதவிகிதமும், இரண்டு மிகுந்தால் 25 சதவிகிதமும் பிடித்துக்கொண்டது. இந்த வெட்டுகள் நடைமுறைக்கு வந்த நாட்களில்தான் இத்தொடர்கள் வரிசையாக வந்தன. யாரோ கூடிப் பேசிச் சதி செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. ஜேம்ஸ் டர்னர் வீதி நாடாளுமன்றத்தில் பேசப்பட்டது. உதவியைக் குறைப்பதற்கு நியாயம் தேடியவர்களுக்கு அது சான்றாகப் பயன்பட்டது.

தயாரிப்பாளர்கள் தரப்பிலும் வாதம் உண்டு. அதை ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. ஏழைகளைக் காட்டினால் இழிவுபடுத்துகிறீர்கள் என்கிறீர்கள், காட்டாவிட்டால் மறைக்கிறீர்கள் என்பீர்கள். நாங்கள் அவர்களைப் பேசவிட்டோம், நாடு விவாதித்தது என்பது அவர்கள் கூற்று. பேசவிட்டதும் மெய், விவாதித்ததும் மெய். படத்தில் தோன்றியவர்களில் சிலர் தமக்கு நேர்ந்ததைப் பற்றி வருந்தவும் இல்லை. ஆயினும் விவாதம் எந்தக் கேள்வியைப் பற்றி நடந்தது என்று பார்க்க வேண்டும். இவர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்றுதான் நாடு விவாதித்தது. இவர்களுக்கு என்ன செய்யப்பட்டது என்று விவாதிக்கவில்லை. கேள்வியை வகுத்தது தலைப்பு.

பிரிட்டனில் ஏழைகளின் வீடுகளை நோக்கிக் காமெரா திரும்பியதற்கு மதிப்புக்குரிய முன்மாதிரிகள் இருக்கின்றன. 1935-இல் ஆர்தர் எல்டனும் எட்கர் ஆன்ஸ்டியும் லண்டன் ஸ்டெப்னி பகுதியில் எடுத்த ‘ஹவுசிங் பிராப்ளம்ஸ்’ என்ற சிறு படத்தில், குடிசைப் பகுதியின் ஆண்களும் பெண்களும் நேரே காமெராவைப் பார்த்து நின்று, ஒழுகும் சுவரையும் மூட்டைப்பூச்சியையும் எலியையும் பற்றித் தங்கள் பேச்சிலேயே சொன்னார்கள். அவர்களோடு பழகி, அச்சம் தீர்த்துப் பேசவைத்தவர் ரூபி கிரியர்சன் என்ற இளம்பெண். அப்படத்துக்குப் பணம் தந்தது எரிவாயுத் தொழில். புதிய வீடுகள் எழுந்தால் எரிவாயு விற்பனையாகும் என்ற லாப நோக்கம் அதற்கு இருந்தது. இருந்தும், படத்தில் குற்றவாளியாக நின்றது வீடு. வீட்டில் வாழ்ந்தவர்கள் சாட்சிகளாக நின்றார்கள். 1966 நவம்பர் 16-ஆம் தேதி பி.பி.சி. ஒளிபரப்பிய ‘கேத்தி கம் ஹோம்’, ஜெரமி சாண்ட்ஃபோர்டு எழுதி கென் லோச் இயக்கிய நாடகம். நடிகர்கள் நடித்த கற்பனைதான். வீடிழந்து, கணவனைப் பிரிந்து, கடைசியில் பிள்ளைகளையும் அதிகாரிகளிடம் பறிகொடுத்த ஒரு தாயின் கதையை ஏறத்தாழ 120 லட்சம் பேர் பார்த்தார்கள். முன்னரே திட்டமிடப்பட்டு டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கப்பெற்ற ஷெல்டர் என்ற தொண்டு நிறுவனத்துக்கு, அந்த நாடகம் எழுப்பிய உணர்ச்சி பெரும் பலமாயிற்று. நடிப்பாக வந்த அது காரணத்தைக் காட்டியது. நிஜம் என்ற பெயரோடு வந்தவை அதை விட்டுவிட்டன.

ஆஸ்திரேலியாவிலும் இந்த நோய் பரவிற்று. சிட்னி நகரத்தின் மேற்கு எல்லையில், 1960-கள் தொட்டு அரசாங்க வீட்டு வாரியம் எழுப்பிய குடியிருப்புகளைக் கொண்டது மவுன்ட் டிரூயிட். 1997 ஜனவரியில் ஒரு சிட்னி நாளிதழ், அங்குள்ள உயர்நிலைப்பள்ளியின் இறுதி வகுப்பு மாணவர்களுடைய புகைப்படத்தை முதல் பக்கத்தில் அச்சிட்டு, ‘நாம் கைவிட்ட வகுப்பு’ என்ற பொருள்படத் தலைப்பிட்டு, அவர்கள் தேறாதவர்கள் என்று தோன்றச் செய்தது. மாணவர்கள் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார்கள்; பல ஆண்டுகள் போராடி மன்னிப்பும் பெற்றார்கள். அப்படிக் காயப்பட்ட ஊருக்குத்தான் எஸ்.பி.எஸ். தொலைக்காட்சிக்காக ‘ஸ்ட்ரகிள் ஸ்ட்ரீட்’ எடுப்பவர்கள் வந்தார்கள். 2015 மே மாதம் அதன் முன்னோட்டத்தைக் கண்டு கொதித்த, அவ்வூர் அடங்கிய பிளாக்டவுனின் நகரத்தலைவர் ஸ்டீபன் பாலி, நகரசபையின் குப்பை லாரிகளை அனுப்பித் தொலைக்காட்சி நிலையத்தின் வாயிலை மறித்தார். முன்னோட்டம் திரும்பப் பெறப்பட்டது, தொடர் ஒளிபரப்பாயிற்று, அந்த ஆண்டில் அச்சானலுக்குப் பெரும் கூட்டத்தைச் சேர்த்த நிகழ்ச்சிகளுள் அதுவும் ஒன்றாயிற்று. எதிர்ப்பே விளம்பரமாகிவிடும் சங்கடத்திலிருந்து ஏழை ஊர்களுக்கு எளிதில் விடுதலை இல்லை. சௌதாம்ப்டன் நகரத்தின் டார்பி வீதியார் மட்டும் ஒருவாறு வென்றார்கள்: குடியேறியவர்களைப் பற்றி அங்கே எடுக்கத் திட்டமிட்ட தொடர், தெருவாசிகளின் எதிர்ப்பினால், 2015 பிப்ரவரியில் ஒரே ஒரு பகுதியாகச் சுருங்கி வெளிவந்தது.

பெயர் கெட்டால் என்ன குடிமுழுகிவிடும், சிலநாள் வசையோடு போகாதா என்று கேட்கலாம். போவதில்லை. ஒரு முகவரியைக் குறிப்பிட்டு வேலைக்கு விண்ணப்பிப்பவனைக் கேட்டால் சொல்வான். அதைவிடப் பெரிய தீங்கு, அந்த முகவரியிலிருந்து வரும் முறையீடு காதில் விழாமல் போவது. லண்டன் கென்சிங்டனில் 24 மாடி கொண்ட கிரென்ஃபெல் கோபுரத்தில் தீ அபாயம் இருக்கிறது என்று அங்கே குடியிருந்தவர்கள் தொடர்ந்து எழுதினார்கள், எச்சரித்தார்கள். 2017 ஜூன் 14-ஆம் தேதி அதிகாலை மூண்ட தீயில் 72 பேர் மாண்டார்கள். கட்டடத்தை நிர்வகித்த அமைப்பு அவர்களில் சிலரைத் தொல்லை கொடுப்பவர்களாகக் கருதியது என்று 2024-இல் வெளியான விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அந்த மரணங்கள் யாவும் தவிர்த்திருக்கக் கூடியவை என்று விசாரணைத் தலைவர் கூறினார்.

2020 டிசம்பரில் ராச்டேல் நகரத்தில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, வீட்டுச் சுவரெங்கும் படர்ந்த பூஞ்சையைச் சுவாசித்து இறந்தது. தகப்பனார் பலமுறை முறையிட்டிருந்தார். குடும்பத்தின் வாழ்க்கைப் பழக்கமே பூஞ்சைக்குக் காரணம் என்று அந்த வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டு நிறுவனம் அநுமானித்தது. தொலைக்காட்சித் தொடர்கள் லட்சோபலட்சம் பேருக்குப் போதித்த அதே அநுமானம், அலுவலக மேஜையில் ஒரு முடிவாக உருவெடுத்தது. வீட்டு முறையீடுகளை விசாரிக்கும் அதிகாரி 2021 அக்டோபரில் ஈரத்தையும் பூஞ்சையையும் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டு, பழக்கத்தின் மேல் பழிபோடும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று வற்புறுத்தினார்.

இத்தகைய வீடுகளுக்குள் காமெரா வேறு விதமாகவும் நுழைய முடியும். 2021 மார்ச் மாதம் ஐ.டி.வி. செய்திப்பிரிவு, குராய்டனின் ரெஜினா வீதி அடுக்குமாடிகளுக்குள் சென்றது. கூரை ஒழுகிற்று, விளக்குப் பொருத்திய இடத்தில் நீர் சொட்டிற்று, சுவர் கறுத்திருந்தது. செய்தியாளர் அங்கே குடியிருந்த தாயிடம் அவளுடைய பழக்கவழக்கங்களைக் கேட்கவில்லை. எத்தனை முறை முறையிட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று கேட்டுக்கொண்டு, அந்தப் பதிலோடு நகரசபையிடம் போனார். ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீடு, ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊர் என்று அந்தச் செய்தி விரிந்தது. குடியிருப்போர் தங்கள் கைப்பேசியிலேயே தங்கள் சுவர்களைப் படமெடுத்து அனுப்பலாயினர். 2023 ஜூலையில் சமூக வீட்டு ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறிற்று. ராச்டேல் குழந்தையின் பெயரால் அவாப் சட்டம் என்று வழங்கும் அதன் ஒரு பிரிவு, இங்கிலாந்தில் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. உடனடி அபாயமான குறை என்றால் வீட்டு நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் பார்த்து அபாயத்தை நீக்கியாக வேண்டும். கணிசமான அபாயம் தரும் பூஞ்சை என்று முறையிட்டால் 10 வேலை நாட்களுக்குள் வந்து பரிசோதித்தாக வேண்டும்.